போடட்டுமா என்று கேட்கும் நிரல்

1

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழ்வீட்டு மதாம் எங்கள் கதவைத் தட்டினார். பாரிஸுக்கு வடக்கே உள்ள இந்தக் குடியிருப்புக்கு நாங்கள் வந்த நாளிலிருந்து அவர் எங்களுக்குக் கீழேதான் இருக்கிறார். படிக்கட்டில் வணக்கம் சொல்வதைத் தவிர எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை. அன்று அவர் முகம் வெளிறியிருந்தது. வீட்டில் யாருக்காவது அடிபட்டுவிட்டதா, யாரோ கத்தினார்களே என்று கேட்டார்.

கத்தியது நான்தான். செல்போனை வாய்க்கு எதிரே பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து "போடட்டுமா" என்று கத்தியிருந்தேன். மரக்காணத்தில் உள்ள ஒரு மோட்டாருக்காகக் கத்தினேன் என்பதை விளக்க என் பிரெஞ்சு போதாது. "மன்னிக்க வேண்டும், பாட்டுப் பயிற்சி" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் என் கை கால்களை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அதனால்தான் எழுதுகிறேன்.

2

நான் மரக்காணத்தில் பன்னிரண்டாவது வரை படித்தேன். அப்பாவுக்குக் குத்தகை உப்பளம் இருந்தது. விடுமுறை நாட்களில் நானும் தம்பி ஆரோக்கியமும் அங்கே வேலை செய்வோம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரி மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். இங்கே வந்தது முதல் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை. அதை இரண்டு வருடத்துக்கு முன் மூடிவிட்டார்கள்.

வேலை போனால் இங்கே ஓர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்கிருந்த இளைஞர் என்னிடம், "கணினி பயன்படுத்தியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். ஆம் என்றேன். தொழிற்சாலையில் வெளுக்கும் இயந்திரத்துக்கு ஒரு திரை உண்டு. அதைத் தொட்டு வெந்நீரின் சூட்டைக் கூட்டுவோம், குறைப்போம். அதைத்தான் நான் நினைத்துச் சொன்னேன். அவர் வேறு என்னவோ நினைத்துக்கொண்டு, கணினி வலையமைப்புகளைப் பராமரிக்கும் பயிற்சி வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டார்.

முதல் நாளே தவறு நடந்துவிட்டது என்று புரிந்தது. வகுப்பில் எல்லாரும் என் மகள் வயது, அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட. அந்த இளைஞரைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று போனேன். அவரைப் பார்க்க நேரம் வாங்க வேண்டும், நேரம் வாங்க இணையதளத்தில் நுழைய வேண்டும், நுழைவதற்கான எண் தபாலில் வரும் என்றார்கள். எண் வந்தபோது வகுப்பு இரண்டாவது மாதத்தில் இருந்தது. அதற்குள் எனக்குக் கொஞ்சம் புரியத் தொடங்கியிருந்தது. அதனால் இருந்துவிட்டேன்.

கடைசி வரிசையில், சூடேற்றும் கருவியின் பக்கத்தில் உட்காருவேன். கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் தெரியாது என்று சொல்லிவிடுவேன். பிரெஞ்சில் அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பிழையில்லாமல் வரும்.

3

பயிற்சி தருபவர் கரீன் என்ற பெண்மணி. குட்டையாக, எப்போதும் காபியும் கையுமாக இருப்பார். வகுப்பின் கடைசித் தேர்வுக்கு ஒவ்வொருவரும் ஒரு நிரல் எழுதி, அதை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு வேறிடத்தில் உள்ள சர்வரை எஸ்எஸ்எச் வழியாக இயக்கும் கிளையண்ட் நிரல்.

சர்வர் என்றதும் குளிரூட்டிய பெரிய அறையை நினைக்க வேண்டாம். சொன்ன வேலையைச் செய்யக் காத்திருக்கும் எந்தக் கணினியும் சர்வர்தான். வேலையைச் சொல்லும் பக்கம் இருப்பது கிளையண்ட். எஸ்எஸ்எச் என்பது இரண்டுக்கும் நடுவில் உள்ள பூட்டிய பாதை. வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது. சாவி இருப்பவர்கள் மட்டும் உள்ளே போகலாம்.

"உங்களுக்கு உண்மையாகவே தேவைப்படும் ஒரு கணினியை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் கரீன். மற்றவர்கள் புகைப்படங்களைச் சேமிக்கும் பெட்டி, விளையாட்டு சர்வர் என்று ஏதேதோ சொன்னார்கள். நான் தெரியாது என்றேன்.

அந்த வாரம்தான் தம்பி போனில் புலம்பினான். உப்பளம் இப்போது அவன் பொறுப்பில் இருக்கிறது. கூடவே ஒரு சிறிய லாரி வைத்துக்கொண்டு கிளியனூர், திண்டிவனம் என்று உப்பு இறக்கிவிட்டு வருவான். காலையில் பெண்கள் வந்து உப்பு வாரிவிட்டு வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். மதியத்தில் ஒருமுறை மோட்டார் போட்டுக் கால்வாய்த் தண்ணீரை மேல் பாத்திகளுக்கு ஏற்ற வேண்டும். அதற்காகவே லாரியை எங்காவது நிறுத்திவிட்டு ஓடி வருவான்.

"யக்கா, போன்லயே மோட்டாரு போட அந்த செல்போன் ஸ்டார்ட்டரு ஒண்ணு வாங்கினேன் இல்ல, அது போயிடுச்சு. உப்புக் காத்துல உள்ள இருக்கறதெல்லாம் பச்ச புடிச்சுப் போச்சு. நீ ஏதோ கம்ப்யூட்டரு படிக்கறியே, அத வச்சு இத்த பண்ண முடியாதா?"

"எனக்குத் தெரியாதுடா."

"தெரியாததுக்கு எதுக்கு தெனம் பஸ் புடிச்சுப் போற?"

புதுச்சேரிக்குப் போன ஒரு குடும்பத்திடம் கைக்குள் அடங்கும் கணினி ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். மரக்காணத்து எலக்ட்ரீஷியன் ஒருவர் அதைக் காற்றுப் புகாத டிபன் டப்பாவுக்குள் வைத்து, உப்பளத்துக் கொட்டகையில் இருந்த மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியோடு இணைத்தார். கொட்டகையின் சிம் கார்டுக்கு இணையத்தில் நிலையான முகவரி கிடையாது. அதனால் அந்தக் குட்டிக் கணினியே வகுப்பின் சர்வரைத் தேடி வந்து எனக்காக ஒரு பாதையைத் திறந்து வைத்திருக்கும்படி செய்ய வேண்டியிருந்தது. அந்த ஒரு வேலைக்கே பல நாள் ஆனது.

4

நிரல் பெரிதில்லை. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பெரும்பாலானவற்றை யாரோ முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் அவற்றைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

முதன்முதலில் இணைத்தபோது என் கணினி ஒரு கேள்வி கேட்டது. இந்தக் கணினியை இதற்கு முன் பார்த்ததில்லை, நம்பி உள்ளே போகலாமா என்று. ஆம் என்று முழுதாகத் தட்டினால்தான் ஏற்றுக்கொள்ளும். ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தக் கணினியின் அடையாளத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். அது மாறாதவரை மறுபடி கேட்காது. வசிப்பிட அட்டை புதுப்பிக்கும்போதெல்லாம் அதே பிறப்புச் சான்றிதழை மறுபடி மொழிபெயர்த்துக் கொண்டுவரச் சொல்லும் அலுவலகத்துக்கு இந்தப் பழக்கம் இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

ஆரம்பத்தில் ஒரு பிழை செய்தேன். மோட்டாரைப் போடு, அரை மணி நேரம் பொறு, நிறுத்து என்று மூன்றையும் என் பக்கத்திலேயே வைத்திருந்தேன். நடுவில் இணைப்பு அறுந்தது. மோட்டார் அங்கே ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தச் சொல்ல இங்கிருந்து வழியில்லை. தம்பி ஓடிப் போய் நிறுத்தினான். கரீன் என் திரையைப் பார்த்து, "நிறுத்தும் பொறுப்பை அந்தப் பக்கம் கொடுங்கள். நீங்கள் காணாமல் போனாலும் அது நிற்க வேண்டும்" என்றார். அப்படியே மாற்றினேன்.

அனுப்பிய வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் எண் வரும். பூஜ்யம் வந்தால் நல்லபடியாக நடந்தது என்று பொருள். வேறு எண் என்றால் ஏதோ கோளாறு. பூஜ்யம் வந்தால் என் திரையில் தமிழில் "சரி" என்று வரும்படி எழுதினேன்.

என் மகள் நத்தாலி பின்னால் நின்று பார்த்தாள். பதினேழு வயது. என்னை அம்மா என்று கூப்பிடுவாள், அதற்குப் பிறகு எல்லாம் பிரெஞ்சுதான். "மற்றதெல்லாம் பிரெஞ்சில் இருக்கிறது, இது மட்டும் ஏன் தமிழில்?" என்று கேட்டாள். மோட்டார் அங்கே இருக்கிறது என்றேன். அது ஒரு காரணமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதும் சரிதான்.

மாற்றிய பிறகு மோட்டார் முதல்முறை ஓடியபோது தம்பி போனைக் கால்வாய்ப் பக்கம் நீட்டினான். தண்ணீர் குழாயில் ஏறிக் கொட்டும் சத்தம் கேட்டது. நான் வீட்டில் நிரலை ஓட்டிவிட்டு வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு அந்தச் சத்தத்தை முழுதாகக் கேட்டேன்.

அதன்பிறகு பல வாரம் ஒழுங்காக நடந்தது. மதியம் தம்பி லாரியிலிருந்து கூப்பிடுவான், "யக்கா, போட்டுடு" என்பான். நான் ஒரு பொத்தானை அழுத்துவேன். சரி என்று வரும்.

5

எங்கள் அளத்தில் மோட்டார் கால்வாய்க் கரையில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் பெட்டி துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று அதைக் கொட்டகைக்குள் மாட்டியிருக்கிறார்கள். கொட்டகையில் நின்றால் மோட்டார் தெரியாது, நடுவில் உப்புக் குவியல்கள் மறைக்கும். அதனால் ஒரு பழக்கம் உண்டு. ஸ்டார்ட்டரில் கை வைப்பவர் வெளியே வந்து "போடட்டுமா" என்று குரல் கொடுக்க வேண்டும். கால்வாய்ப் பக்கமிருந்து "போடு" என்று பதில் வர வேண்டும். பதில் வரவில்லை என்றால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தாலும் குரல் கொடுக்காமல் போடமாட்டார்கள். நானும் சின்ன வயதில் அங்கே குரல் கொடுத்தவள்தான்.

ஒருநாள் தம்பி கிளியனூரிலிருந்து கூப்பிட்டான். நான் பொத்தானை அழுத்தினேன். சரி என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் அஞ்சலையின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அஞ்சலை என்னோடு எட்டாவது வரை படித்தவள். அப்பா காலத்திலிருந்து எங்கள் அளத்தில் உப்பு வாருகிறாள். மற்றப் பெண்களை அழைத்து வருவதும் அவள்தான்.

"ஏ பிலோமி, மோட்டாரு நீயா போட்ட?"

"ஆமா. ஏன்?"

"ஏனா? சட்ட போச்சு. கை போவல, அத்தோட விட்டுச்சு."

தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடியில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டிருப்பதைக் காலையில் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குப் போனவள் அது நினைவுக்கு வந்து, மதியம் திரும்பி வந்து பையை எடுத்திருக்கிறாள். பிறகு பம்பில் காற்று நிற்காமலிருக்க, வாளியால் தண்ணீர் ஊற்றக் குனிந்திருக்கிறாள். அப்போது மோட்டார் ஓடத் தொடங்கியது. சேலைக்கு மேல் அவள் போட்டிருந்த ஆண்பிள்ளைச் சட்டையின் நுனியைச் சுழலும் தண்டு பிடித்துக்கொண்டது. நல்லவேளையாகப் பழைய சட்டை.

"பட்டன் எல்லாம் தெறிச்சு சட்ட கழண்டுகிச்சு. புதுச் சட்ட போட்டிருந்தா நானும் கூடவே போயிருப்பேன்" என்றாள். "கொரல் குடுத்தியா?"

"அடி கிடி பட்டுச்சா?" என்றேன்.

"உன்னத்தான் கேக்கறேன். கொரல் குடுத்தியா?"

"அங்க யாரும் இல்லன்னு நெனச்சேன்."

"யாரும் இல்லன்னாலும் குடுப்போம் இல்ல? ஒங்கப்பா இருந்திருந்தா ஒன்ன அளத்துப் பக்கமே வராதன்னு சொல்லியிருப்பாரு. நீ வராமயே போடற."

போனை வைத்துவிட்டாள். நான் கணினியைப் பார்த்தேன். சரி என்ற சொல் இன்னும் திரையில் இருந்தது. இத்தனை வாரமும் அதைப் பதிலாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டோம், பதில் வந்தது என்று. ஆனால் அது டிபன் டப்பாவின் பதில். கரையில் இருப்பவரின் பதில் இல்லை.

6

மறுநாளிலிருந்து அஞ்சலையும் மற்றப் பெண்களும் எங்கள் அளத்துக்கு வரவில்லை. பக்கத்து அளத்தில் அவர்களை உடனே எடுத்துக்கொண்டார்கள். யார் போடுகிறார்கள் என்று தெரியாத மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்கமாட்டோம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார்கள். பாத்திகளில் உப்பு விளைந்து நின்றது. வார ஆளில்லை. ஒரு மழை பெய்தால் போய்விடும்.

"பெட்டிய கழட்டிடட்டுமா?" என்று தம்பி கேட்டான். கழற்றினாலும் அவர்கள் வருவார்களா என்று கேட்டேன். "நான் போயி கேட்டேன் யக்கா. அது ஒங்கக்கா வந்து சொல்லட்டும்னு சொல்லுது அஞ்சல."

கரீனிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்க நிறைய நேரமானது. அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "கரையில் ஒரு கேமரா வையுங்கள். ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போடலாம்" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அப்போதும் பார்ப்பது நான், முடிவு செய்வது நான். குனிந்திருப்பவளுக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டாம் என்று கரீனிடம் சொன்னேன். அவரிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அதுவே முதல்முறை.

அன்று சாயங்காலமே அஞ்சலையைக் கூப்பிட்டேன். வீடியோவில் வந்தாள். பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் இருந்தார்கள், எல்லாருக்கும் கேட்கும்படி போனைக் குடத்தின்மேல் சாய்த்து வைத்திருந்தாள்.

"இனிமே நான் போடமாட்டேன் அஞ்சல. கேக்கறது மட்டும்தான் என் வேல. கொட்டகையில ஒரு மணி அடிக்கும். கரையில ரெண்டு சுவிட்சு இருக்கும். பச்சைய அழுத்தினா மோட்டாரு ஓடும். செவப்ப அழுத்தினா ஓடாது."

"ரெண்டும் அழுத்தலன்னா?"

"ஓடாது. நான் மறுபடி கேக்கணும்."

"கரண்டு போயிட்டு வந்தா?"

"ஓடாது."

"அப்ப ஒந்தம்பி மதியத்துல லாரிய வுட்டுட்டு ஓடி வரணும்."

"யாராவது ஒருத்தர் கரையில இருக்கணும். அதுக்குத் தனியா கூலி தரேன்னு சொல்லிட்டான்."

"ஒந்தம்பி போன் பண்ணி, அவங்கள எவ கேக்கறா, நீ போடுன்னு சொன்னா?"

"ஓடாது."

"நீயே மனசு மாறிப் போட்டுட்டா?"

அது நடக்கக்கூடியதுதான். என் சாவியை வைத்துக்கொண்டு நான் எந்தக் கட்டளையை வேண்டுமானாலும் அனுப்ப முடியும். கேட்கும் நிரலைத் தாண்டி நேராகவே மோட்டாரைப் போட முடியும். "அதுக்கு ஒரு வழி பாக்கறேன்" என்றேன்.

"பாரு. அப்புறம் இந்த மணியெல்லாம் வாணாம். மணி அடிச்சா யாருன்னு தெரியும்? ஐஸ்காரன் மணியா, மாதா கோயிலு மணியா? கொரல் குடு. உன் கொரலு."

"எனக்குக் கத்த வராதுடி."

"அப்ப மோட்டாரு போடவும் வராது."

பின்னாலிருந்த ஒருத்தி, "பிரான்சுக்குப் போயி கொரல வித்துட்டாங்களா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை.

7

சாவிக்கு வழி இருந்தது. எஸ்எஸ்எச்சில் ஒருவருடைய சாவியைச் சர்வரில் பதியும் இடத்தில், அந்தச் சாவிக்கு முன்னால் ஒரு கட்டளையை எழுதிவைக்கலாம். அந்தச் சாவியோடு யார் வந்தாலும், என்ன சொன்னாலும், அந்த ஒரு கட்டளை மட்டும்தான் நடக்கும். என் சாவிக்கு முன்னால் "கேள்" என்ற கட்டளையை எழுதினேன். கொட்டகைக் கணினியில் எனக்கிருந்த மற்ற எல்லா உரிமைகளையும் எடுத்துவிட்டு, அதில் எதையும் மாற்றத் தேவைப்படும் கடவுச்சொல்லை எலக்ட்ரீஷியனிடம் புதிதாகப் போடச் சொன்னேன். எனக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.

"உங்களை நீங்களே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்கிறீர்களே" என்றார் கரீன்.

"ஆமாம்" என்றேன்.

குரல்தான் கஷ்டமாக இருந்தது. திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுபவரிடமிருந்து தம்பி பழைய கூம்புக் குழாய் ஒன்றை வாங்கிக் கொட்டகைமேல் கட்டினான். நான் குரலைப் பதிவு செய்து அனுப்பினேன். "யக்கா, கொசு கத்தற மாதிரி இருக்குது" என்றான். இன்னொரு முறை அனுப்பினேன். "இப்ப ரெண்டு கொசு" என்றான்.

இந்த ஊருக்கு வந்த பிறகு நான் சத்தமாகப் பேசியதில்லை. பேருந்தில் பேசமாட்டேன். கடையில் கையால் காட்டுவேன். வீட்டுச் சுவர்கள் மெல்லியவை, பக்கத்து வீட்டில் தும்மினால் கேட்கும். பல வருடம் இப்படி இருந்தால் தொண்டை அதற்கேற்ப ஆகிவிடுகிறது போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குளியலறையில் நின்று முயற்சி செய்துகொண்டிருந்தேன். நத்தாலி வந்து கதவைத் திறந்தாள். என்ன செய்கிறாய் என்று பிரெஞ்சில் கேட்டாள். சொன்னேன். சட்டை கிழிந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலையைப் பற்றி அவள் அவ்வளவு நேரம் நின்று கேட்டதில்லை.

"யாரிடமும் பேசாத மாதிரி கத்துகிறாய். அதனால்தான் வரவில்லை" என்றாள். "பதில் என்ன சொல்ல வேண்டும்?"

"போடு."

அவள் வீட்டின் கடைசி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பாட்டையும் சத்தமாக வைத்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. நான் செல்போனில் பதிவை ஓடவிட்டு, வரவேற்பறையின் நடுவில் நின்று கத்தினேன். பதில் வரவில்லை. இன்னொரு முறை கத்தினேன். மூன்றாவது முறை, எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு குரல் என்னிடமிருந்து வந்தது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, "போடு" என்றாள். அவள் வாயில் அந்தச் சொல் கொஞ்சம் வழுக்கியது.

அதற்குப் பிறகுதான் கீழ்வீட்டு மதாம் வந்தார்.

8

பெண்கள் திரும்பி வந்தார்கள். எலக்ட்ரீஷியன் கரையில் மாட்டிய இரண்டு சுவிட்சுகளையும் ஒவ்வொருவரும் அழுத்திப் பார்த்தார்கள் என்று தம்பி சொன்னான். மதியத்தில் கரையில் இருக்கும் வேலையை அஞ்சலையே எடுத்துக்கொண்டாள். ஆனால் பம்பின் பக்கம் போக வேண்டியிருந்தால் முதலில் கொட்டகைக்குப் போய் ப்யூஸ்களைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொள்வாள். வேலை முடிந்த பிறகுதான் திரும்ப மாட்டுவாள். என் குரலைக் கேட்டுப் பச்சையை அழுத்துவாள், சிவப்பை ஒருநாளும் அழுத்தியதில்லை. வேண்டாம் என்று நினைத்தால் ப்யூஸைப் பிடுங்கிவிடுவாள்.

"செவப்ப அழுத்தலாமே" என்று ஒருமுறை சொன்னேன்.

"ப்யூஸ் என் இடுப்புல இருக்குது. செவப்பு யாரு கையில இருக்குது?" என்றாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி.

தேர்வு அன்று காலை அறையில் கரீனோடு வெளியிலிருந்து வந்த இரண்டு தேர்வாளர்கள் இருந்தார்கள். அங்கே அப்போது மதியம். அஞ்சலை கரையில் இருப்பாள் என்று தம்பி சொல்லியிருந்தான். நான் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த பிரெஞ்சு வாக்கியங்களில் பாதி மறந்துவிட்டது. மீதியைச் சொல்லிவிட்டு நிரலை ஓட்டினேன். திரையில் "கேட்கிறேன்" என்று வந்தது. மரக்காணத்தில் அந்த நேரம் என் குரல் பாத்திகளின் மேல் போய்க்கொண்டிருக்கும். அறையில் எந்தச் சத்தமும் இல்லை. நாங்கள் நான்கு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வேண்டாம் என்கிறார்கள்" என்று வந்தது.

தேர்வாளர்களில் வயதானவர் அதன் பொருளைக் கேட்டார். சொன்னேன். ஏன் என்று கேட்டார். தெரியாது என்றேன். இந்த முறை உண்மையாகவே தெரியாது.

"நிர்வாகி என்ற முறையில் நீங்களே மோட்டாரைப் போட்டுக் காட்டலாமே?"

"என்னால் முடியாது. அந்த உரிமையை எடுத்துவிட்டேன்."

"அப்படியென்றால் உங்கள் நிரல் மோட்டாரை இயக்கவில்லை."

"நிரல் கேட்கிறது" என்றேன். "அங்கே இருப்பவர் வேண்டாம் என்றார். அதனால் ஓடவில்லை. ஓடியிருந்தால்தான் என் நிரல் தவறு."

பிரெஞ்சுப் பெயர்ச்சொற்களில் ஆண்பால் பெண்பால் எல்லாம் கலந்து சொல்லியிருப்பேன். அவருக்குப் புரிந்தது என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. பிடித்ததா என்று தெரியவில்லை. கலந்து பேசிவிட்டுக் கூப்பிடுகிறோம், வெளியே இருங்கள் என்றார்கள்.

நடைவழியில் நாற்காலி இல்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். போனில் அஞ்சலையின் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. மூச்சு வாங்கப் பேசியிருந்தாள்.

"பிலோமி, கொரல் வந்துச்சு. அந்தாண்ட நின்ன நாரையெல்லாம் எழுந்து போச்சு. பச்சைய அழுத்தத்தான் போனேன், பாத்தா கொழாய் அடியில மறுபடியும் பை மாட்டிக்கினு இருக்குது. போட்டா தண்ணி ஏறாது. அதான் செவப்ப அழுத்திட்டு எறங்கிட்டேன். இப்ப எடுத்துட்டேன், பம்புக்குத் தண்ணியும் ஊத்திட்டேன். நீ கேளு."

நான் உடனே கூப்பிட்டேன்.

"ப்யூஸப் புடுங்கினியா?"

"இல்ல."

"ஏன்?"

"ஏனா? செவப்ப அழுத்தினேன் இல்ல? அப்புறம் கொட்டாய்க்கு ஒருவாட்டி வெயில்ல எதுக்கு நடக்கணும்?" என்றாள். "நீ இன்னா பேசிக்கினு இருக்கற. ஊத்தின தண்ணி எறங்கிடும், கேளு."

அவள் ப்யூஸையும் பிடுங்கியிருக்க வேண்டும். இன்றும் பிடுங்கத்தான் சொல்கிறேன். ஆனால் அன்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணினியை மடியில் திறந்து, நிரலை மறுபடி ஓட்டினேன். கேட்கிறேன் என்று வந்தது.

அறைக்கதவு திறந்து கரீன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தேர்வாளர்கள் காத்திருக்கிறார்கள் என்றார்.

"ஒரு நிமிடம், மதாம்" என்று சொல்லிவிட்டு, அஞ்சலையின் பதில் வருகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.